வீட்டுக் காற்றாலைக்கு எந்த ஜெனரேட்டர்? கார் ஆல்டர்நேட்டர், ஹப் மோட்டார், கையால் சுற்றிய காயில்: ஓர் ஒப்பீடு

வீட்டிலேயே காற்றாலை செய்து மின்சாரம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஜெனரேட்டராகச் சுற்றக்கூடிய மோட்டாரைத்தான். காயலாங்கடையில், காரின் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் கிடைக்கிறது. பேட்டரி செத்துப்போன மின்சார ஸ்கூட்டரின் சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார் கிடைக்கிறது. யூடியூபில் சீலிங் ஃபேனைப் பிரித்துக் காந்தம் ஒட்டி பல்பு எரிய வைக்கிறார்கள். எதை வாங்குவது? பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் காற்றின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மோட்டாரின் தகுதியை அந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் செய்பவர்கள் பரவலாகத் தேர்ந்தெடுக்கும் அளவு அது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அந்த வட்டத்தைக் கடக்கும் காற்றில் இருப்பது ஏறத்தாழ 73 வாட். 5 மீட்டரில் 340 வாட். 10 மீட்டரில் 2,700 வாட். எப்பேர்ப்பட்ட இறக்கையானாலும் இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். கையால் செதுக்கிய இறக்கை, ஜெனரேட்டர், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு, ஒயர் என எல்லா இழப்பும் போகக் கால் பங்கு பேட்டரிக்கு வந்து சேர்ந்தால் அது நல்ல வேலை. அப்படியானால் 3 மீட்டர் காற்றில் 18 வாட், 5 மீட்டரில் 85 வாட், 10 மீட்டரில் 680 வாட்.

இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள். நன்றாகச் செதுக்கிய மூன்று இறக்கையின் நுனி, காற்றைப் போல ஆறு மடங்கு வேகத்தில் ஓடும். 5 மீட்டர் காற்றில் 2.4 மீட்டர் இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 240 சுற்று சுற்றும். ஆக, 240 சுற்றிலேயே பேட்டரியை சார்ஜ் செய்யும் அளவுக்கு வோல்ட் கொடுக்கும் ஜெனரேட்டர்தான் நமக்கு வேண்டும்.

இந்த இடத்திலேயே கார் ஆல்டர்நேட்டர் தோற்றுவிடுகிறது. விலை மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், ரிப்பேர் செய்ய ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார், எல்லாம் சரிதான். ஆனால் அது என்ஜினோடு பெல்ட் போட்டு ஆயிரக்கணக்கான சுற்றில் ஓடுவதற்காகச் செய்த பொருள். 240 சுற்றில் அது தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப ஐந்தாறு மடங்கு வேகம் கூட்டும் புல்லியும் பெல்ட்டும் வேண்டும், அவை வந்தால் உராய்வும் இழப்பும் கூடவே வரும். அப்புறம், அதன் ரோட்டாரில், அதாவது சுழலும் பகுதியில், நிலைக்காந்தம் கிடையாது. பேட்டரியிலிருந்து 2 முதல் 3 ஆம்பியர் எடுத்துத்தான் தனக்கான காந்தப்புலத்தை அது உண்டாக்கிக்கொள்கிறது, அதாவது 25 முதல் 35 வாட். 4 மீட்டர் காற்றில் நம் இறக்கை மொத்தமாகத் தரக்கூடியதே 43 வாட்தான். பாதிக்கு மேல் அதுவே தின்றுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அசையாமல் நிற்கும் பகுதியான ஸ்டேட்டரில் மெல்லிய கம்பியால் அதிக சுற்று சுற்றி, ரோட்டாரில் நியோடிமியம் என்ற வலுவான காந்தம் பொருத்தி இதைச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு வேலை செய்யத் தயாராக இருப்பவர் அதே உழைப்பில் இதைவிட நல்ல ஜெனரேட்டரைச் செய்துவிடலாம்.

சீலிங் ஃபேனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சாதாரண சீலிங் ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதிலும் காந்தம் கிடையாது. காந்தம் ஒட்டினால் வோல்ட் வரும். லோடு இல்லாமல், அதாவது எதையும் இணைக்காமல், மீட்டரில் 200 வோல்ட் காட்டுவதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியில் ஆம்பியர் வராது. ஒரு எல்இடி பல்பு எரியும், பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அருமையான மாடல். வீட்டுக்கு வேண்டாம்.

பட்டறை இயந்திரங்களில் வரும் நிலைக்காந்த டிசி மோட்டார் இதற்கு ஒரு படி மேல். 180 வோல்ட், 1,500 சுற்று என்று பெயர்ப்பலகையில் இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 0.12 வோல்ட். 240 சுற்றில் 28 வோல்ட்டுக்குமேல் வரும், 24 வோல்ட் பேட்டரிக்குப் போதும். பெல்ட் வேண்டாம், ஏசியை டிசியாக்கும் தனி ரெக்டிஃபையர் வேண்டாம். காற்று நின்றதும் பேட்டரியே மோட்டாரை ஓட்டிவிடாமலிருக்க ஒரு டயோடு மட்டும் கட்டாயம். குறை, சுழலும் பகுதியை உரசி மின்சாரம் கடத்தும் பிரஷ்ஷில் இருக்கிறது. அது தேயும், மாற்ற வேண்டும், அதற்காக டவரை இறக்க வேண்டும்.

என் பார்வையில் முதல்முறை செய்பவருக்கு ஏற்றது மின்சார ஸ்கூட்டரின் ஹப் மோட்டார். அதில் பிரஷ் கிடையாது. காந்தம், பேரிங் எல்லாம் உள்ளேயே பூட்டி வருகின்றன, மழைக்கும் ஓரளவு தாங்கும். 48 வோல்ட்டில் லோடு இல்லாமல் 480 சுற்று ஓடும் மோட்டாராக இருந்தால், திருப்பிச் சுற்றும்போது சுற்றுக்கு 0.1 வோல்ட் தரும். 1.5 மீட்டர் விட்டமுள்ள சின்ன இறக்கை போட்டால் 5 மீட்டர் காற்றிலேயே 380 சுற்று வரும், 24 வோல்ட் பேட்டரிக்கு அது தாராளம். வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள். சைக்கிள் வகை ஹப் மோட்டார்கள் சிலவற்றில் உள்ளே கியரும் ஒருவழி கிளட்ச்சும் இருக்கும். ஒரு திசையில் சுற்றினால் ஓடு மட்டும் சும்மா சுற்றும், மின்சாரம் வராது. மூன்று தடிமனான ஒயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டு இரண்டு திசையிலும் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கை கனத்தால் வாங்கலாம். ஒரு பக்கம் லேசாகச் சுழன்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆனால் இந்த ஒப்பீட்டில் உண்மையான வெற்றி கையால் சுற்றிய காயிலுக்குத்தான். ஸ்காட்லாந்தின் வடமேற்கில் ஸ்கோரைக் என்ற தீபகற்பத்தில், மின்கம்பி எட்டாத ஊரில் குடியேறிய ஹியூ பிகாட், 1970-களிலிருந்து தன் காற்றாலைகளைத் தானே செய்துவருகிறார். அவர் செம்மைப்படுத்திய வடிவத்தைத்தான் இன்று உலகமெங்கும் ஆர்வலர்கள் பின்பற்றுகிறார்கள். நம் பக்கத்தில் ஆரோவில்லில் மின்வாயு என்ற குழுவும் இதே வழியில் காற்றாலைகள் செய்திருக்கிறது.

அமைப்பு இதுதான். வாகனச் சக்கரத்தின் பேரிங் ஹப் ஒன்று. அதில் இரண்டு வட்டமான இரும்புத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் வடக்கும் தெற்கும் மாறி மாறி 12 நியோடிமியம் காந்தங்கள். இரண்டு தகடுகளுக்கும் நடுவே, 9 செப்புக் காயில்களை ரெசினில், அதாவது ஊற்றினால் கெட்டியாகும் பிசினில், வார்த்த மெல்லிய வட்டு அசையாமல் நிற்கும். காயிலுக்குள் இரும்பு இல்லாததால் காந்தம் எதையும் பிடித்து இழுக்காது. லோடு இல்லாதபோது விரலால் தட்டினாலே சுற்றும், அதனால் லேசான காற்றிலும் கிளம்பிவிடும். காயிலில் கம்பியை எத்தனை சுற்று சுற்றுகிறோம் என்பதை வைத்து 12, 24, 48 வோல்ட் எதற்கு வேண்டுமானாலும் நாமே அமைத்துக்கொள்ளலாம். வாங்கிய மோட்டாருக்கு ஏற்றபடி இறக்கையை வளைக்க வேண்டாம், இறக்கைக்கு ஏற்றபடி ஜெனரேட்டரையே செய்துகொள்ளலாம். மற்ற எந்த வழியிலும் கிடைக்காத வசதி இது.

இதற்கான விலை உழைப்பிலும் கவனத்திலும் இருக்கிறது. இந்தக் காந்தங்கள் விளையாட்டுப் பொருள் அல்ல. இரண்டு தகடுகளையும் வெறும் கையால் நெருக்கினால் விரல் நசுங்கிவிடும். நீளமான திரெட் கம்பிகளில் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித்தான் இறக்க வேண்டும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற கடலோரத்தில் காந்தத்தின் மேற்பூச்சில் சின்னக் கீறல் விழுந்தாலும் உப்புக்காற்று உள்ளே புகுந்து துருவேறி உப்பிவிடும். அதனால் காந்தத் தகட்டையும் ரெசினில் வார்த்துவிடுவது நல்லது. பெருங்காற்றில் ஆம்பியர் ஏறினால் ரெசினுக்குள் இருக்கும் காயில் கருகும். இதைத் தடுக்கத்தான் வால். இறக்கையின் மையத்தை டவரின் அச்சிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, வாலைச் சாய்வான கீலில் மாட்டுவார்கள். காற்று எல்லை மீறும்போது வால் தானாக மேலெழும்ப, முழுத் தலையும் காற்றுக்கு ஒருக்களித்துத் திரும்பிக்கொள்ளும். காற்று தணிந்ததும் வால் தன் எடையால் இறங்கிப் பழையபடி நேராகும். மோட்டாரில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வால் இல்லாமல் டவரில் ஏற்றாதீர்கள்.

இறக்கைக்கு பிவிசி குழாயா மரமா என்றும் கேட்பார்கள். குழாயை அறுத்தால் ஒரே மதியத்தில் மூன்று இறக்கை தயார், ஹப் மோட்டாருக்கு அது போதும். நம் வெயிலில் பிவிசி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும் என்பதால் அடிக்கடி சோதித்து மாற்ற வேண்டும். 2.4 மீட்டருக்கு மரம்தான். முடிச்சில்லாத பைன் போதும், முனைப்பக்கத்தை நன்றாக இழைத்து எண்ணெய் ஊட்டி வைத்தால் உழைக்கும்.

செங்குத்தான அச்சில் சுற்றும் டிரம் காற்றாலையை, அதாவது எண்ணெய் பீப்பாயை இரண்டாகப் பிளந்து செய்வதை, அழகுக்காகவும் சத்தமின்மைக்காகவும் பலர் விரும்புகிறார்கள். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் செய்தால் 5 மீட்டர் காற்றில் 6, 7 வாட் கிடைக்கும். ஒரு எல்இடி பல்புக்கு முழு டிரம். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஜெனரேட்டரில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட டவரில் காட்டாததுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நாலடிக் குழாய் நட்டு அதன் மேல் நல்ல காற்றாலையை வைப்பது உழைப்பை வீணாக்குவது. சுற்றியுள்ள வீடுகளிலும் மரங்களிலும் மோதிக் கலங்கிய காற்றுதான் அங்கே வரும். தலை அங்குமிங்கும் அலையும், அதிர்வு சுவர் வழியாக இறங்கி வீடு முழுக்க முனகும். பிரிட்டனில் 2007, 2008 ஆண்டுகளில் வாரிக் சோதனை என்ற பெயரில், கட்டடங்களின் மேல் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்து பார்த்தார்கள். நிறுத்தி வைத்திருந்த நேரத்தையும் சேர்த்துச் சராசரியாக ஒன்றுக்கு ஒரு நாளில் கிடைத்தது 214 வாட்-மணி. கால் யூனிட்கூட இல்லை. அவை வீட்டில் செய்தவை அல்ல, நிறுவனங்கள் தயாரித்தவை.

நூற்றைம்பது மீட்டர் தொலைவுக்குள் உள்ள எதையும்விட ஒன்பது பத்து மீட்டர் உயரத்தில் இறக்கை இருக்க வேண்டும் என்பது பழைய விதி. பக்கத்தில் தென்னந்தோப்பு இருந்தால் அதன் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டி, அடியில் கீல் வைத்து, வின்ச்சால் சாய்த்து இறக்கக்கூடிய குழாய் டவர்தான் வீட்டுக்காரருக்கு ஏற்றது. காற்றாலையைவிட டவருக்கு அதிகச் செலவானால் ஆச்சரியப்படாதீர்கள், அது சரியான செலவு.

உயரம் கூடினால் ஒயர் நீளும். டவர் உச்சியிலிருந்து பேட்டரி வரை 30 மீட்டர், 6 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் என்று வையுங்கள். 200 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுவந்தால் வழியிலேயே 50 வாட் சூடாகப் போய்விடும். 48 வோல்ட்டில் அதே ஒயரில் இழப்பு 3 வாட் சொச்சம்தான். கையால் காயில் சுற்றுபவர் 48 வோல்ட்டுக்கே சுற்றுங்கள்.

இனி, சோலார். இந்த ஒப்பீட்டில் அதை விட்டால் நேர்மையாகாது. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் வரை தரும், ஆக 540 வாட் பேனல் ஒன்றே 2 யூனிட் தந்துவிடும். ஆண்டுச் சராசரி 5 மீட்டர் காற்றுள்ள நல்ல இடத்தில், நல்ல உயரத்தில், கவனமாகச் செய்த 2.4 மீட்டர் காற்றாலை தருவது 2 முதல் 3 யூனிட். சராசரி 3 மீட்டர்தான் என்றால் அரை யூனிட். அதோடு 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது, அந்த மானியம் காற்றாலைக்கு இல்லை. ஆகவே சென்னையிலோ தஞ்சையிலோ ஊருக்கு நடுவே வீடு வைத்திருப்பவர் கரண்ட் பில்லைக் குறைக்க நினைத்தால் சோலாருக்கே போகட்டும்.

கணவாய் ஊர்களின் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடம், உடுமலைக்கும், செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிப் பக்கத்துக்கும், ஆரல்வாய்மொழி வழியாக முப்பந்தலுக்கும் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு நுழைகிறது. கம்பம் பள்ளத்தாக்கும் அப்படித்தான். பெரிய காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதற்கு அதுவே காரணம். மே முதல் செப்டம்பர் வரை இரவு பகலாக வீசும் அந்தக் காற்று, தென்காசியில் சாரல் மேகம் மூடிப் பேனல்கள் சோர்ந்துபோகும் அதே மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கும். தோட்டத்து வீட்டுக்குச் சோலார் போட்டுவிட்டு, சாரல் காலத்தில் பேட்டரி நிறையாமல் தவிப்பவருக்குக் காற்றாலை கைகொடுக்கும். அவருக்குத்தான் 24 காந்தமும் 9 காயிலும் உழைப்புக்கு ஈடான பலனைத் தரும்.

அப்படிச் சேர்த்துப் பொருத்தும்போது காற்றாலையை சோலார் கன்ட்ரோலரில் மாட்டாதீர்கள். பேட்டரி நிறைந்ததும் சோலார் கன்ட்ரோலர் தொடர்பைத் துண்டித்துவிடும். பேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. லோடு அறுந்த காற்றாலை மட்டும் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுத்துத் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். மிஞ்சும் மின்சாரத்தை ஹீட்டர் சுருளுக்குத் திருப்பிவிடும் தனி கன்ட்ரோலர் வேண்டும். ஈ.பி. லைனோடு எந்த வகையிலும் இணைக்கவே கூடாது. கரண்ட் நின்ற நேரத்தில் நம் மின்சாரம் லைனில் ஏறினால் கம்பத்தில் வேலை செய்பவரின் உயிர் போகும்.

டவர் ஏற்ற மாசி, பங்குனியில் காற்றில்லாத ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். ஜெனரேட்டரின் மூன்று ஒயர்களையும் ஷார்ட் செய்யும் பிரேக் ஸ்விட்சை அதற்கு முன்பே பொருத்தி, போட்ட நிலையில் வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஸ்டே கம்பிகளை முதல் மாதம் வாரந்தோறும் இறுக்கிப் பாருங்கள், ஏனென்றால் புதுக் கம்பி நீளும். வைகாசி பிறந்து காற்று ஏறிவிட்டால் அந்த டவரைச் சாய்க்க மறுபடி ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.