காட்டு மாடு போன இடத்தில் எதை விடுவது? ஹெக் முதல் நம் பட்டி மாடு வரை

1627இல் போலந்தின் யாக்டோரூவ் காட்டில் ஒரு பசு செத்தது. ஓரொக்ஸ் என்ற காட்டு மாட்டினத்தில் கடைசி உயிர் அதுதான் என்று பதிவுகள் சொல்கின்றன. ஹொலண்டில் கறக்கும் பிரீசியனும் மட்டக்களப்பின் கிரானில் மேயும் நாட்டு மாடும் அந்த இனத்தின் இரண்டு கிளைகளிலிருந்து வந்தவை. ஐரோப்பிய மாடுகளின் முன்னோரை மேற்காசியாவில் பழக்கினார்கள். திமில் உள்ள நம் மாடுகளின் முன்னோர் இந்தியக் கிளை. இன்றைய பலுச்சிஸ்தானின் மெஹர்கர் பக்கத்தில் ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன் மனிதனோடு சேர்ந்தவை அவை.

அந்தக் காட்டு மாட்டுக்கு ஈடாக ஒன்றை இனக்கலப்பால் உருவாக்கிக் காட்டில் விடும் முயற்சிகள் ஐரோப்பாவில் நூறு வருடமாக நடக்கின்றன. எதற்காக என்று கேட்பவர்களுக்கு மட்டக்களப்பில் பதில் சொல்வது சுலபம். மாடு போகாத தரவை, அதாவது திறந்த புல்வெளி, சில வருடங்களில் பற்றையாகிவிடும். மாடு மேய்ந்தால் புல் தாழ்ந்து நிற்கும், சாணத்தில் வண்டு வரும், வண்டைத் தின்னக் குருவி வரும், மழைக்காலத்தில் குளம்படிக் குழிகளில் தவளை முட்டையிடும். பெரிய மேய்ச்சல் விலங்கு ஒன்று அழிந்தால் இத்தனையும் அதோடு குறைகின்றன. ஆகவே தேவை உண்மையானது. எந்த விலங்கு என்பதில்தான் போட்டி.

முதலில் வந்தது ஹெக் மாடு. 1920களில் ஜேர்மனியின் இரண்டு சகோதரர்கள், மியூனிக் விலங்கியல் பூங்காவில் ஹைன்ஸ் ஹெக்கும் பெர்லினில் லுட்ஸ் ஹெக்கும், தனித்தனியாக இந்த வேலையைத் தொடங்கினார்கள். ஹங்கேரியின் சாம்பல் மாடு, ஸ்கொட்லாந்தின் ஹைலாண்ட், கோர்சிகா மாடு என்று மியூனிக்கிலும், ஸ்பெயினின் சண்டைக் காளையை முக்கியமாக வைத்துப் பெர்லினிலும் கலந்தார்கள். அளவுகோல் தோற்றம் மட்டும்தான்: கருத்த நாம்பன் (காளை), முதுகில் வெளிறிய கோடு, முன்னோக்கி வளைந்த கொம்பு. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள்ளேயே ஓரொக்ஸ் திரும்பிவிட்டதாக அறிவித்தும்விட்டார்கள். லுட்ஸ் ஹெக் நாசி ஆட்சிக்கு நெருக்கமானவர். ஹிட்லருக்கு அடுத்த நிலையிலிருந்த கோரிங் அவருடைய புரவலர். பெர்லின் வழி போரோடு அழிந்தது. இன்று இருப்பவை மியூனிக் வழி மாடுகள்.

ஓரொக்ஸ் நாம்பன் தோளில் 160 முதல் 180 சென்றிமீற்றர் உயரம். ஹெக் நாம்பன் பெரும்பாலும் 140 சென்றிமீற்றரளவில் நின்றுவிடுகிறது. கால் குட்டை, உடல் கனம், கொம்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பனியிலும் வெளியில் நின்று உயிர் பிழைக்கும் உரம் அதற்கு உண்டு. ஆனால் குணம்? 2015இல் இங்கிலாந்தின் டெவனில் ஒரு பண்ணையாளர், ஆளைக் குத்த வருகின்றன என்று தன் மந்தையின் ஒரு பகுதியை இறைச்சிக்கு அனுப்ப நேர்ந்த செய்தி பரவலாக வந்தது.

ஹெக் மாட்டின் பெரிய சோதனை நெதர்லாந்தில் நடந்தது. கடலிடமிருந்து மீட்ட நிலத்தில் 56 சதுர கிலோமீற்றர் அளவான ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாஸன். 1983இல் 32 ஹெக் மாடுகளை விட்டார்கள். பிறகு கோனிக் குதிரையும் செம்மானும் வந்தன. ஐரோப்பாவின் பழைய நிலத்தைப் பெரிய மேய்ச்சல் விலங்குகளே திறந்து வைத்திருந்தன என்று வாதிட்ட பிரான்ஸ் வேரா என்ற சூழலியலாளர்தான் இதன் பின்னால் இருந்தவர். தொகை தானாகப் பெருகித் தானாகக் குறையட்டும் என்பது திட்டம். பெருகியது. ஓநாய் இல்லை, வேலியைத் தாண்டிப் போக வழியும் இல்லை. 2017-18 மாரியில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகள் செத்தன. அவற்றில் பெரும்பாலானவை பட்டினியில் துடிக்க முன்பே காவலர்களால் சுடப்பட்டவை. சனங்கள் வேலிக்கு மேலால் வைக்கோல் எறிந்தார்கள். அந்த வருடமே கொள்கையை மாற்ற வேண்டி வந்தது.

அந்தச் சனங்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. 2022 டிசம்பரில் குளிர் காற்றும் மழையும் சேர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடாடுகள் விறைத்துச் செத்தபோது பட்டிக்காரர்கள் பட்ட வேதனை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மாடு சாவதை இயற்கை என்று சொல்லிவிட்டு நின்று பார்க்க மனிதனால் முடியாது, மாட்டுக்கு ஓட இடம் இல்லாதபோது அது நியாயமும் இல்லை. நெதர்லாந்தில் தவறியது இனத்தை விடவும் வேலிதான் என்பது என் கணிப்பு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரும்போகம் விதைக்கும்போது பட்டிகள் வட்டையை (வயல்வெளியை) விட்டு மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரைப் பக்கம் போகின்றன. அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து தாளடியில் மேய்கின்றன. அந்தப் போக்குவரத்துதான் புல்லையும் காப்பாற்றுகிறது, மாட்டையும் காப்பாற்றுகிறது. நெதர்லாந்துத் திட்டத்தில் அது இருக்கவில்லை.

ஹெக்கைத் திருத்த வந்தது ஜேர்மனியின் லிப்பே ஆற்றங்கரையில் 1996இல் தொடங்கிய டோரஸ் கலப்பு. ஹெக்கோடு இத்தாலியின் கியானினாவையும் ஸ்பெயினின் சயாகேசாவையும் சேர்த்து உயரத்தை ஏற்றினார்கள். நல்ல திருத்தம், ஆனால் அடித்தளம் பழையதே.

பெயர் ஒத்திருந்தாலும் டோரோஸ் என்ற இன்னொரு கலப்பு அப்படி இல்லை. 2008இல் நெதர்லாந்தில் ரொனால்ட் கோடரி தொடங்கியது. ரீவைல்டிங் யூரோப் அமைப்பு 2013இல் கைகோத்தது. ஹெக்கை முற்றாக ஒதுக்கிவிட்டு, மனிதக் கவனிப்புக் குறைவாகவே மலையிலும் சதுப்பிலும் பிழைத்து வந்த தென் ஐரோப்பிய இனங்களை எடுத்தார்கள்: மரெம்மானா, பொடோலிகா, மரொனேசா, பஹூனா, லிமியா. தோற்றத்தோடு மரபணுவையும் பார்த்தார்கள். 2015இல் இங்கிலாந்தின் டார்பிஷயரில் கிடைத்த எலும்பிலிருந்து ஓரொக்ஸின் முழு மரபணு வரிசை வெளிவந்தது இந்த வகை ஒப்பீட்டுக்குப் பெரிய பலம். இன்று குரோஷியாவில் ஓநாய் திரியும் வெலெபிட் மலைப் பக்கத்திலும், ஆதிமனிதர் பாறையில் ஓரொக்ஸைச் செதுக்கி வைத்த போர்த்துக்கலின் கோவா பள்ளத்தாக்குப் பக்கத்திலும் டோரோஸ் மேய்கிறது. ஓநாய் வந்தால் கன்றை நடுவில் விட்டு வட்டமாக நிற்கத் தெரிந்த மாடு வேண்டும் என்றால் அதற்கான இடம் இது. ஹெக்கா டோரோஸா என்றால் யோசிக்காமல் டோரோஸ் என்பேன். காலம்தான் அதன் கஷ்டம்: மாட்டின் ஒரு தலைமுறைக்கு மூன்று நான்கு வருடம் போகும்; உருவம் நிலைக்கப் பல தலைமுறை வேண்டும்.

இவ்வளவும் தேவையா என்று கேட்கவைக்கும் போட்டியாளர் இங்கிலாந்தின் நெப் பண்ணை. 1400 ஹெக்டேயர். 2003இல் அங்கே விட்டது லோங்ஹோர்ன் என்ற பழைய வளர்ப்பு மாட்டை. எதையும் உயிர்ப்பிக்க முயலவில்லை. மந்தையில் இவ்வளவுதான் நிற்கலாம் என்று அளவு வைத்து, மிகுதியை இறைச்சிக்கு விற்கிறார்கள். நடைபாதையில் போகிறவர் அருகிலேயே மாடு நிற்கும். அங்கே நைட்டிங்கேல் பாடுகிறது, காட்டுப்புறா கூடு கட்டுகிறது. மாடு வாங்கப் போகும் பட்டிக்காரர் கொம்பின் அழகுக்குக் காசு கொடுப்பதில்லை. வறட்சியில் நிற்குமா, கன்றைக் காக்குமா, ஆளோடு ஒத்துப்போகுமா என்றுதான் பார்ப்பார். அந்தக் கண்ணால் பார்த்தால், ஊர் அருகிலுள்ள சிறிய நிலத்துக்கு நெப் வழி டோரோஸை வெல்கிறது. ஓநாய் உள்ள பெரிய மலைக்கு டோரோஸ்.

இனி நம் பக்கம். இலங்கையில் கவுர் எனப்படும் காட்டுமாடு வாழ்ந்தது. இரத்தினபுரியில் கிடைத்த அதன் புதைபடிவங்களை இலங்கை விலங்கியலாளர் தெரணியகல விவரித்தார். கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து 1681இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், முதுகு கூராக உயர்ந்த, பாதி வரை வெள்ளைக் காலுள்ள மாட்டைக் கண்டி அரசனின் வளர்ப்பில் கண்டதாக எழுதினார். அதன்பின் இங்கே அது இல்லை. 2022இல் இந்தியாவிடம் சில கவுர்களை இலங்கை கேட்ட செய்தி வந்தது. இனக்கலப்பு எதுவும் வேண்டாம், உயிரோடுள்ள காட்டினத்தையே கொண்டுவரலாம் என்பது கவுரின் பெரிய பலம். மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் அழிந்துபோன கவுரை 2011, 2012 ஆண்டுகளில் கன்ஹாவிலிருந்து 50 மாடுகளைக் கொண்டுபோய் மீட்டிருக்கிறார்கள்.

ஆனால் கவுரை எங்கே விடுவது? மாதுறு ஓயா தேசிய பூங்கா 588 சதுர கிலோமீற்றர், அம்பாறையின் கல்லோயா 259. இரண்டைச் சுற்றியும் வயல். யானை வேளாண்மைக்குள் இறங்கும் இரவுகளையே தாங்க முடியாமல் இருக்கும் கமக்காரரிடம், ஆயிரம் கிலோ வரை எடை வரும் இன்னொரு விலங்கையும் தாங்கு என்று கேட்பது நியாயம் இல்லை. கால்-வாய் நோய் (கோமாரி) வளர்ப்பு மாட்டிலிருந்து கவுருக்கும் கவுரிலிருந்து மாட்டுக்கும் போகும். குறி சுட்ட மாடு வட்டையில் இறங்கினால் குடிக்குறியைப் பார்த்துச் சொந்தக்காரரைக் கேட்கலாம். குறியில்லாத காட்டு மாட்டுக்கு யார் நட்டஈடு கொடுப்பது?

எருமையின் கணக்கு வேறு. நம் காடுகளில் காட்டெருமை இன்னும் இருக்கிறது, வளர்ப்பெருமையோடு கலந்து. தூய இரத்தம் தேடுபவர்களுக்கு அது குறை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. குளத்துச் சேற்றில் எருமை புரண்ட பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் தங்குகிறது. நாணலைத் தின்று நீர்ப்பறவைக்கு வெளி விடுகிறது. உக்ரேனில் தன்யூப் ஆற்றின் எர்மாகோவ் தீவில் 2019இல் நீர்எருமைகளை விட்டதும் இதே வேலைக்குத்தான். எருமைத் தயிரில் வாழும் மாவட்டத்தில் இந்த விலங்கை வைத்திருக்கத் தெரிந்த கைகளும் நிறைய உண்டு.

பட்டி மாடோ உருவத்தில் சிறியது, கறப்பது ஒன்றிரண்டு லீற்றர். வெயிலும் உண்ணியும் காய்ந்த புல்லும் அதை வீழ்த்துவதில்லை. இரவில் அடைத்தாலும் பகல் முழுக்கக் காட்டோரம் மேய்ந்து, சிறுத்தைக்குக் கன்றைப் பறிகொடுத்தும் தப்பியும் வளர்ந்த மாடு. ஐரோப்பியர் நூறு வருடம் தேடிய உரம் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜேர்சியும் பிரீசியனும் கலந்து கலந்து அதை இழப்பதும், மேய்ச்சற்தரையைப் பயிர்ச்செய்கைக்குப் பிடிப்பதும் ஒரே இழப்பின் இரு பக்கங்கள். 2023 செப்டம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரைக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் உட்கார்ந்த போராட்டத்தை ஒரு பால் பிரச்சினையாக மட்டும் எழுதியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

என் தெரிவு இதுதான். மாதுறு ஓயா, கல்லோயா, லாகுகல பூங்காக்களுக்குள் பெரிய மேய்ச்சல்காரனாக யானை இருக்கிறது. அங்கே பட்டி மாடு நுழைந்து யானையின் புல்லைப் பங்குபோடக் கூடாது. பூங்காவுக்கு வெளியே குளத்தோரங்களுக்கு எருமை. மயிலத்தமடு, மாதவனைக்கு, வர்த்தமானியில் எல்லை குறித்த மேய்ச்சற்தரையும் கலப்பில்லாத நாட்டு நாம்பன்களும். கவுரைப் பற்றிப் பேச வேண்டுமானால், பூங்காவைச் சுற்றியுள்ள எல்லாப் பட்டிகளுக்கும் கால்-வாய் நோய்த் தடுப்பூசி தவறாமல் போகும் நிலையும், வேளாண்மை அழிந்தால் அதே போகத்துக்குள் நட்டஈடு கையில் சேரும் ஏற்பாடும் வந்த பிறகு பேசலாம்.