தினமும் ஓட்ட ஒரு பழைய ஃபியட்: சில வருஷ அனுபவம்

என்னிடம் இருப்பது 1988 மாடல் பிரீமியர் பத்மினி, நம்ம ஊர்ப் பேச்சில் ஃபியட். கோவையில் வடவள்ளியிலிருந்து கணபதிக்கு வேலைக்குப் போய் வருவது, சந்தை, ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் பல வருஷமாக இதில்தான். குறைந்த விலையில் ஒரு பழைய செடானை வாங்கி தினமும் ஓட்ட முடியுமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தாராளமாக முடியும். எதில் பணம் போட வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். நான் பார்த்தவரை பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பெயிண்ட், சீட் கவர், பாட்டுப் பெட்டி, பிரேக் கடைசியில்.

ஏன் ஃபியட் என்றால், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-லிருந்து 2001 வரை ஏறக்குறைய ஒரே உருவத்தில் இந்தக் காரைச் செய்துகொண்டிருந்தது. ஃபியட் 1100 டிலைட்டாக ஆரம்பித்து 1974-ல் பத்மினி என்ற பெயருக்கு வந்தது. 1089 சிசி பெட்ரோல் இஞ்சின், சுமார் 40 குதிரைத் திறன், நாலு கியர். அத்தனை வருஷம் பெரிதாக மாறாததாலும், பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகள் பெரும்பாலும் இதே வண்டியாக இருந்ததாலும் ஸ்பேர் பார்ட்ஸ் தட்டுப்பாடு நமக்கு ரொம்ப காலம் வரவில்லை. 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்ஸிக்கு 20 வருஷ வரம்பு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் சில பொருள்கள் கிடைக்கத் தாமதமாகிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். அம்பாசடரும் பார்த்தேன், இடம் தாராளம், ஆனால் என் பார்வைக்கு வந்தவை எல்லாம் டாக்ஸியாக ஓடித் தேய்ந்தவை, எங்கள் சந்துக்கு நீளமும் அதிகம். கான்டெஸா அழகு, ஆனால் இப்போது குறைந்த விலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

வாங்கும்போது எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "இஞ்சினைப் பாக்காதீங்க தம்பி, அடியில படுத்துப் பாருங்க. இஞ்சின் நான் செஞ்சு குடுத்தர்றனுங்க, தகரம் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க." இதைவிடச் சரியான யோசனை கிடையாது. ஃபியட்டுக்குத் தனி சேஸிஸ் இல்லை, தரைத் தகடும் பக்கவாட்டுப் பெட்டிகளும் சேர்ந்துதான் வண்டியையே தாங்குகின்றன. அங்கே துரு ஏறினால் கதவு சரியாக மூடாது, வீல் அலைன்மென்ட் நிற்காது, ஜாக்கி போட்டால் தகடு உள்ளே போகும். இஞ்சின் விஷயமே வேறு. புகை விட்டால் ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து) பிஸ்டன், ரிங் மாற்றி, இஞ்சின் மூடியான ஹெட்டுக்கு ஃபேஸிங் போட்டு (தேய்த்துச் சமப்படுத்தி) எடுத்துவிடலாம், கோவை மாதிரி தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கிற ஊரில் அது ஒரு பெரிய வேலையே இல்லை. ஆகவே ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பக்கம், சக்கரத்துக்கு மேல் வளைவு, ரன்னிங் போர்டு எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே தகரம் இல்லை, பூசி அடைத்த பட்டிதான் (putty). தரை விரிப்பைத் தூக்கி ஓட்டுபவர் கால் வைக்கும் இடம், பேட்டரித் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, இவையும் முக்கியம். கடலோர ஊர்களில் கிடந்த வண்டி பளபளவென்று இருந்தாலும் எனக்குப் பயம்தான். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் நிழலில் நின்ற வண்டி, பெயிண்ட் வெளிறிப் போயிருந்தாலும் பரவாயில்லை.

அடுத்து பேப்பர். இதில் சமரசமே வேண்டாம். ஆர்.சி. ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும், சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் அதில் உள்ளபடி இருக்க வேண்டும், விற்கிறவர் பெயரில்தான் வண்டி இருக்க வேண்டும். பழைய கையெழுத்துப் புத்தக ஆர்.சி. என்றால் அரசின் வாகன் இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி தனி. புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரலில் மத்திய அரசு 600-லிருந்து 5,000 ஆக்கியது, 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கியது. காலம் தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் என்றும் விதி இருக்கிறது, அதனால் எஃப்.சி. முடிந்து வருஷக்கணக்கில் நிற்கிற வண்டியை மலிவு என்று நினைத்துவிடாதீர்கள், அந்தக் கணக்கை விலையில் கழித்துக் கேளுங்கள்.

50 வருஷம் தாண்டிய ஃபியட் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி விஏ வரிசையில் தனி நம்பர் பிளேட் கிடைக்கும், பதிவுக் கட்டணம் 20,000. ஆனால் அப்படிப் பதிந்த காரைச் சாலையில் வழக்கமாக ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் என்று சில காரியங்களுக்கு மட்டுமே அனுமதி. தினமும் ஆபீஸ் போக வேண்டுமென்றால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்தாச்சு. முதல் வருஷம் நான் மூன்று இடத்தில்தான் பணம் போட்டேன்: பிரேக், கூலிங், வயரிங்.

நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். நன்றாக அட்ஜஸ்ட் செய்து வைத்தால் ஊருக்குள் போதுமான அளவு பிடிக்கும், இருந்தாலும் இன்றைய கார்களுக்குப் பின்னால் போகும்போது இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பழைய மாடல்களில் பிரேக் ஆயில் ஒரே சுற்றாக ஓடுகிறது, ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் இறங்கிவிடும். அதனால் மாஸ்டர் சிலிண்டர், நாலு வீலுக்கும் கிட், ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் ஒரே தடவையில் புதிதாகப் போட்டேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். மழையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் லைனிங் காய்ந்து பிடி திரும்ப வரும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வர வேண்டும். பிரேக்கை நம்பி இறங்கினால் டிரம் சூடாகி விரிந்து, பெடல் ஆழமாகப் போக ஆரம்பிக்கும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், ஓரம் கட்டி வழி விடுங்கள்.

கூலிங் அடுத்தது. இஞ்சின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதிக்க விட்டால் ஹெட் வளைந்து கேஸ்கெட் போகும். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்திருப்பதுதான் பாதி வண்டிகளின் வியாதி. ரேடியேட்டரைக் கழற்றி கோர் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றி, சின்னதாக ஒரு எலக்ட்ரிக் ஃபேனும் வைத்தேன். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட் என்ற வெப்ப வால்வைப் பிடுங்கிப் போடுகிற வழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது இல்லாமல் இஞ்சின் சூடேறத் தாமதமாகி, சோக்கிலேயே ரொம்ப நேரம் ஓடி, பெட்ரோலும் வீண், சிலிண்டரும் தேயும். திரும்பப் போடச் சொல்லிப் போட்டுக்கொண்டேன். அவினாசி சாலையில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் மே மாத மதியம் அங்கே ஊர்ந்து போனபோதும் சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

வெயிலில் வருகிற இன்னொரு தொல்லை பெட்ரோல் பம்ப். இஞ்சினோடு ஒட்டி இருப்பதால் பம்ப் சூடாகி உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும், வண்டி நின்றுவிடும், சுற்றிச் சுற்றி ஸ்டார்ட் செய்தாலும் எடுக்காது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் எடுத்துவிடும். பெட்ரோல் குழாயைச் சைலன்ஸர் பக்கத்திலிருந்து தள்ளிக் கட்டியபின் இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

வயரிங்கில் செலவு கம்மி, பலன் பெரிசு. ஹெட்லைட்டுக்குப் போகும் கரன்ட் முழுவதும் ஸ்விட்ச் வழியாகப் போய் வருவதால் பல்ப் மங்கலாகத்தான் எரியும். இரண்டு ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர் இழுத்தேன், ராத்திரி ரோடு தெளிவாகத் தெரிகிறது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டதும் சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்குவது நின்றது.

இப்போது பெட்ரோல். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல்தான் எங்கும். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃபிரமும் அதில் ஊறி இளகிவிடுகின்றன, எத்தனால் ஈரத்தை இழுப்பதால் டாங்க் உள்ளே துருவும் வருகிறது. எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, டாங்க்கைக் கழுவி, கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் வைத்தாகிவிட்டது. தினமும் ஓடுகிற வண்டிக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு, பெட்ரோல் டாங்க்கில் கிடந்து கெட நேரமே இல்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள்தான் கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றுகிறார்கள்.

மைலேஜ் லிட்டருக்கு ஊருக்குள் 10 கிலோமீட்டர் பக்கம், பொள்ளாச்சி சாலை மாதிரி திறந்த சாலையில் 13 வரை வருகிறது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2022 கட்டணப்படி 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்கும் மற்ற நிப்பிள்களுக்கும் ஒழுங்காகக் கிரீஸ் அடித்தால் ஸ்டியரிங் லேசாக இருக்கும், விட்டுவிட்டால் முன்பக்கம் முழுக்க ஆட்டம் கண்டுவிடும். ஸ்பார்க்குக்கான பாயிண்ட் இடைவெளியும் வால்வுகளின் டேப்பட் இடைவெளியும் நானே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், பழகினால் காலையில் காபி குடிக்கும் முன் முடிகிற வேலை. டிக்கியில் எப்போதும் ஒரு செட் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், ஃபேன் பெல்ட், பம்ப் கிட் கிடக்கும். இவற்றில் கண்டென்சர்தான் இப்போது சரியான தரத்தில் கிடைப்பதில்லை, புதிதாக வாங்கியது பழையதைவிடச் சீக்கிரம் போகிறது. கதவுக் கண்ணாடி ரப்பர், டெயில் லைட் கண்ணாடி போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று போகும்போதெல்லாம் தேடி, கிடைத்தால் இரண்டாக வாங்கி வைத்துவிடுகிறேன்.

ஓட்டுவதில் இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டியரிங்கோடு இருக்கும் கை கியர் பழகிவிட்டால் கையே தானாகப் போகும். முன் சீட் ஒரே பெஞ்சாக இருப்பதால் இடம் தாராளம். சுற்றிலும் மெல்லிய தூண்கள், நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியும், கேமரா சென்சார் எதுவும் இல்லாமல் டவுன்ஹால் பக்கம் பார்க் பண்ணிவிடுவேன். முன் கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அம்மாவுக்கு முட்டிவலி, தாழ்வான புதுக் கார்களில் ஏறி இறங்கச் சிரமப்படுவார், இதில் சீட் நிமிர்ந்த உயரத்தில் இருப்பதால் தானாகவே ஏறிக்கொள்கிறார்.

பாதுகாப்பு பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். ஏர்பேக் கிடையாது, மோதினால் நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அமைப்பு எதுவும் இந்த உடம்பில் இல்லை. முன்னால் பெல்ட் நான் போட வைத்தது. நாலுவழிச் சாலையில் 60, 65-ல் இடது ஓரமாகப் போவேன், ராத்திரி நெடுந்தூரம் என்றால் ரயில்தான். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது ஒன்று மட்டும் கார் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். நடக்கிற தூரத்தில் பாயிண்ட் வைக்கத் தெரிந்த மெக்கானிக் இல்லாத ஊரிலும் யோசித்துத்தான் இறங்க வேண்டும். அந்தத் தலைமுறை ஆட்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடுகிறார்கள், எங்கள் அண்ணனிடம் வேலை கற்க வந்த பையன்கள் எல்லோரும் ஸ்கேனர் வைத்துப் பார்க்கிற வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டறையில் போய் நிற்பதே அந்தக் கைவேலையை முடிந்த மட்டும் கற்றுக்கொள்ளத்தான்.

பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. பானட்டில் வெள்ளை வெளிறிப் போயிருக்கிறது, பின் கதவில் ஒரு சொட்டை இருக்கிறது. அடுத்த எஃப்.சி.க்கு முன்னால் டிங்கரிங் முடித்து அதே வெள்ளையில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், அதற்கு முன் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் புஷ் இரண்டும் மாற்ற வேண்டியிருக்கிறது.