கொரிகாஞ்சாவா, பச்சகாமாக்கா?
பெருவில் ஒரு நாள்தான் கையில் இருந்தால், ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட இன்காக்களின் சமயத்தை அறிய எந்தக் கோயிலுக்குப் போகலாம்?

பயணம்: பச்சகாமாக் லிமாவுக்குத் தெற்கே, கடலோரத்தில். கொரிகாஞ்சா குஸ்கோ நகருக்குள்ளேயே. ஆனால் 3,400 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும்.

மிச்சம்: பச்சகாமாக்கில் சுடாத மண்செங்கல் மேடுகள், மரத்தில் செதுக்கிய தெய்வம். கொரிகாஞ்சாவின் தங்கத் தகடுகளை 1533-இல் ஸ்பானியர் பெயர்த்தெடுத்தார்கள். மேலே எழுந்த தேவாலயம் 1950 நிலநடுக்கத்தில் சிதைந்தது. இன்காக்களின் கற்சுவர் நின்றது!

நம்பிக்கை: கொரிகாஞ்சா சூரியனின் வீடு. அங்கிருந்து நாலாபுறமும் கிளம்பிய கற்பனைக் கோடுகளில் 300-க்கும் மேற்பட்ட புனித இடங்கள். ஊற்றும் பாறையும்கூட வழிபடப்பட்டன. பச்சகாமாக் இன்காக்களுக்கும் முந்தைய குறிசொல்லும் தலம். அதை வென்ற இன்காக்கள் அழிக்காமல் அருகிலேயே சூரியனுக்குக் கோயில் எழுப்பியதுதான் எனக்குப் பெரும் வியப்பு.

இன்காக்களின் உலகப் பார்வைக்குக் குஸ்கோ. பிறர் தெய்வங்களை அவர்கள் நடத்திய விதத்துக்குப் பச்சகாமாக்.