சாட் ஆலோசனைச் சேவைகள்: இன்னும் யாரிடமும் சொல்லாதவர்களுக்கு

தன் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ இதுவரை ஒருவரிடமும் சொல்லாதவருக்கு, பால்புதுமையினருக்கென்று (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோருக்கென்று) நடக்கும் எழுத்துவழி சாட் ஆலோசனையைத்தான் முதலில் பரிந்துரைப்போம். போனில் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். சாட்டில் “நான் கே என்று நினைக்கிறேன்” என்று தட்டலாம், அழிக்கலாம், மறுபடி தட்டலாம். அனுப்பாமலே மூடினாலும் சரி, அந்த வாக்கியத்தை உங்கள் கண் ஒருமுறை பார்த்துவிட்டது.

ஆள் எப்படி என்பது முதல் சில கேள்விகளிலேயே தெரிந்துவிடும். நல்ல ஆலோசகர் “வீட்டில் எப்போது சொல்வீர்கள்?” என்று ஆரம்பிக்க மாட்டார். படிப்புச் செலவு யார் கையில், தெரிந்தால் அடி விழுமா, ஓர் இரவு தங்க வேறு இடம் உண்டா என்று கேட்பார். நீங்கள் பெயர் வைக்காத ஒன்றுக்கு அவர் பெயர் வைக்க மாட்டார். “மாற்றிவிடலாம்” என்ற பேச்சு வந்தால் அந்த நிமிடமே மூடிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

தன்பாலீர்ப்பு அடையாளம் ஒருவருக்குள் உருவாவதை உளவியலாளர் விவியன் காஸ் 1979இல் ஆறு நிலைகளாக வகுத்தார். அதைக் காட்டி “நீங்கள் மூன்றில் நிற்கிறீர்கள்” என்று யாராவது மதிப்பெண் போட்டால் பொருட்படுத்த வேண்டாம். தோழியிடம் சொல்லிவிட்டு அம்மாவிடம் பல வருடம் சொல்லாமலே இருப்பவர்கள் எதிலும் பின்தங்கிவிடவில்லை.

பெரிய ஓட்டை அந்தரங்கத்தில். “உடனே வெளியேறு” பொத்தான் பக்கத்தைத்தான் மாற்றும். பிரவுசர் ஹிஸ்டரி அப்படியே இருக்கும். அதனால் இன்காக்னிட்டோவில் திறங்கள். அதிலும்கூட, வீட்டு வைஃபையில் தளத்தின் பெயர் ரவுட்டரில் பதியலாம்; மொபைல் டேட்டா மேல். பூட்டுத் திரையில் செய்தி தெரிவதை நிறுத்துங்கள். பலர் மறப்பது கீபோர்டை: நீங்கள் தட்டிய சொல்லைப் பழகிக்கொண்டு, தம்பி போனை வாங்கி ஏதோ தட்டும்போது அதையே மேலே நீட்டும். கற்ற சொற்களை அழிக்கும் வசதி கீபோர்டு செட்டிங்ஸில் இருக்கும்.

பல சேவைகளில் ஒவ்வொரு முறையும் வேறு ஆள் வருவார். முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே அலுத்துப்போகும். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது, இன்று எதற்கு வந்தேன் என்று மூன்று வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல வருடமாக உள்ளே ஊறிய வெட்கம் இப்படித் துண்டு துண்டான உரையாடலில் கரையாது. அதற்கு வாராவாரம் ஒரே ஆலோசகரைப் பார்ப்பதுதான் சரி.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் சில சேவைகள் வெளியே தகவல் கொடுக்கும். யாருக்கு, எப்போது என்பதைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். முடிக்கும்போது சாட் பதிவு எத்தனை நாள் இருக்கும், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.