பீட்பாக் ஃபேரிஸ்: பைப்பும் பேஸும் சேரும் இடம்

பீட்பாக் ஃபேரிஸ், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவைச் சேர்ந்த இசைக்குழு. பெரும்பாலும் வாத்திய இசைதான்: பைப் (காற்றுப் பையோடு ஊதும் பேக்பைப்), ஃபிடில், கிட்டார், கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ். ரீல், ஜிக் என்னும் நாட்டுப்புற நடன மெட்டுகளுக்கு அடியில் ஜமைக்காவின் ரெக்கே, அதிலிருந்து பிறந்த டப், மின்னணு நடன இசையான ஹவுஸ் ஆகியவற்றின் தாளங்கள் ஓடும்.

இந்தக் கலவை லேசில் கூடிவராது. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பைப்பில் ஒன்பது சுரங்களே உண்டு. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, மெட்டின் நடுவே இடைவெளியும் விட முடியாது. ஒரே சுரம் இருமுறை வந்தால், நடுவில் வேறொரு சுரத்தைக் கணநேரம் தொட்டுத்தான் பிரிக்க வேண்டும். 'ஏ' என்று எழுதப்படும் சுரம் இன்றைய பைப்களில் பி ஃப்ளாட்டுக்கும் சற்று மேலே ஒலிக்கிறது; கீபோர்டோடு சேர, அதை பி ஃப்ளாட்டின் 466 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கிய, மெட்டு வாசிக்கும் குழல் தேவை. இல்லையென்றால் காது கூசும். பைப்பின் ஒத்துக் குழல்கள் மூன்றும் ஒரே சுரத்தில் விடாமல் ஒலிப்பதால், கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) அடிக்கடி மாற்றினால் உரசும்.

அதனால்தான் டப் இங்கே அழகாகப் பொருந்துகிறது: ஒன்றிரண்டு கார்டுகளிலேயே நின்று, அசைவையெல்லாம் பேஸிடம் விட்டுவிடும் இசை அது. ரீலின் நான்கு தாள அடிகள்மேல் ஹவுஸ் டிரம் இயல்பாக உட்காரும். ஜிக் 6/8, ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரிவதால் டிரம்மர் கொஞ்சம் அசந்தாலும் துள்ளல் போய்விடும். ஸ்ட்ராத்ஸ்பே என்னும் இன்னொரு ஸ்காட்டிஷ் நடன மெட்டின் குறில்-நெடில் வெட்டைத்தான் இயந்திரத் தாளம் முதலில் மழுங்கடிக்கும்.

1996இல் வந்த 'மெலோவாசிட்டி' ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்குங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம். பேஸ் மறைந்து பைப் மட்டும் கீச்சிடும். நல்ல ஹெட்போன் அவசியம்.