பால்புட்டி நீராவிக் கருவி: பாதி வேலைதான் செய்கிறது

மகள் பணிக்குத் திரும்பியதால் பேரனுக்குப் புட்டிப்பால் கொடுக்க வேண்டிய நிலை வந்தபோது, ஆறு புட்டிகளை ஒரே நேரத்தில் நீராவியில் சுத்திகரிக்கும் மின்கருவி ஒன்றைப் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் வாங்கினோம். அடித்தட்டில் தண்ணீரை ஊற்றிப் பொத்தானை அழுத்தினால், வேலை முடிந்ததும் தானாக நின்றுவிடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், “அப்படியே அடுக்கி வைத்தால் போதும்” என்று விற்பனையாளர் சொன்னது தவறு. நிப்பிளை வளைய மூடியிலிருந்து கழற்றி, அதன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், மஞ்சளாக, வழவழப்பாக, புளித்த வாடையுடன் பால் பிசுக்கு ஒட்டியிருக்கும். அதற்கடியில் உள்ள கிருமிகளை நீராவி முழுமையாக எட்டுவதில்லை என்பதால், சோப்பு நீரில் பிரஷால் தேய்த்து அலசிய பிறகே புட்டியைக் கருவிக்குள் வைக்க வேண்டும். இதைத் தவிர்க்கும் வீட்டில் கைக்குழந்தைக்குப் பேதி வருவதற்குக் கருவியைக் குறை கூற முடியாது. புட்டி சுத்தமாக இருந்தாலும், பால்மாவே கிருமியற்றதன்று. ஆகவே, 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் அதைக் கலக்கி, ஆற்றிக் கொடுத்து, குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை, நம் ஊர் வெயிலில் அடுத்த வேளைக்கு என்று எடுத்து வைக்காமல், கொட்டிவிட வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியதில் சூடேறும் தட்டில் விரைவிலேயே வெள்ளையாக உப்புப் படிந்தது. தாமிரபரணிக் குழாய் நீருக்கு மாறிய பின் அத்தொல்லை வெகுவாகக் குறைந்தது. படிந்ததை வினிகர் கரைத்துவிடுகிறது.

கடையில் இரண்டு புட்டிகளை இலவசமாகவும் கொடுத்தார்கள். பால்புட்டி விற்பனையை இலவசங்களால் ஊக்குவிப்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தப் புட்டிகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாததால் அவற்றை ஒதுக்கிவிட்டோம்.

அகன்ற பாத்திரத்தில் புட்டிகள் மூழ்கும்படி நீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தாலும் இதே பலன் கிடைக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது. பீய்ச்சி வைத்த தாய்ப்பாலைப் புகட்டுவதற்கும் இடுக்கே இல்லாத எவர்சில்வர் சங்கு, என் கருத்தில், எந்தப் புட்டியையும்விட மேல். இரவில் பலமுறை புட்டி தேவைப்படும் வீட்டுக்கு இக்கருவி உதவும். வாங்குவோர் நிப்பிளுக்கான சிறு பிரஷையும் தனியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், பெட்டியில் அது வருவதில்லை.