பாளையங்கோட்டைப் பழைய புத்தகக் கடையும் பிள்ளையானின் கோப்பும்

பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் பழைய புத்தகக் கடைக்குக் கடந்த மாதம் மூன்று நாள்கள் தொடர்ந்து சென்று வந்தேன். பாடநூல்களுக்காகவும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்காகவும் அங்கே வருவோர்தாம் மிகுதி. நான் போனது உள்ளறையில் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருக்கும் இலங்கைச் செய்தி நறுக்குகளுக்காக. கொழும்பில் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தார் எடைக்குப் போட்ட கட்டுகள் அவை. அவற்றைப் பிரித்து விற்காமல், உட்கார்ந்து படிக்க நாளொன்றுக்கு முப்பது ரூபாய் மட்டுமே கடைக்கார அண்ணாச்சி வாங்கிக்கொள்கிறார்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து என்னிடம் பாடம் கேட்க வரும் மாணவி ஒருத்தியின் குடும்பம் மட்டக்களப்பைச் சேர்ந்தது. பிள்ளையான் என்று அறியப்படும் சிவநேசதுரை சந்திரகாந்தன் 2025 ஏப்ரலில் கைது செய்யப்பட்ட செய்தியைக் குறிப்பிட்டு, இலங்கையின் கிழக்கு மாகாண முதலமைச்சராக இருந்தவரை ஏன் பிடித்தார்கள் என்று அவள் கேட்டபோது, எனக்குக் கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இந்தக் கடையை நாடினேன்.

"சார்வாள், 2004 தனிக் கட்டா இருக்கு, அதுல இருந்து பாத்துக்கிடுங்க" என்று அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தது மிகச் சரியான தொடக்கம். அந்த ஆண்டு மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா விடுதலைப் புலிகளிடமிருந்து பிரிந்தபோது அவருடன் வெளியேறியவர்களில் பிள்ளையானும் ஒருவர். பள்ளி வயதிலேயே இயக்கத்தில் சேர்ந்தவர். கிழக்கின் பிள்ளைகள் போர்முனையில் சாக, முடிவுகள் மட்டும் வடக்கே புலிகளின் தலைமை இருந்த வன்னியில் எடுக்கப்படுகின்றன என்ற மனக்குறை மட்டக்களப்பில் உண்மையாகவே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு இவருடைய வளர்ச்சியைப் புரிந்துகொள்ள இயலாது. 2007 நவம்பரில் கருணா லண்டனில் கைதாக, பிரிந்தவர்கள் அமைத்த தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் தலைமை பிள்ளையானிடம் வந்தது. 2008 மே 10 அன்று நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் ஆளுங்கூட்டணியுடன் சேர்ந்து நின்று, மொத்தம் 37 இடங்களில் கூட்டணி 20 இடங்களைப் பெற, அதே மாதம் 16ஆம் தேதி முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். வடக்கிலிருந்து பிரிக்கப்பட்ட கிழக்கு மாகாணத்திற்கு அவரே முதல் முதலமைச்சர்.

இந்தக் கட்டுகளின் அருமை அடுத்தடுத்து இருக்கும் தேதிகளில் இருக்கிறது. பதவியேற்புச் செய்திக்கு முந்தைய கட்டிலேயே, அவருடைய அமைப்பு சிறுவர்களைப் படையில் சேர்ப்பதாக மனித உரிமை அமைப்புகள் 2007இல் சுமத்திய குற்றச்சாட்டு இருக்கிறது. அச்சிறுவர்களை விடுவிக்க 2008 டிசம்பரில் யுனிசெஃப்புடனும் அரசுடனும் ஏற்பட்ட உடன்பாடு அதற்குப் பின்னால் வருகிறது. தானே சிறுவனாகத் துப்பாக்கி தூக்கிய ஒருவர் தலைமையேற்ற இயக்கத்தின் மீது அந்தப் பழி விழுந்ததைப் படித்தபோது, நெடுநேரம் அடுத்த தாளைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

2005 கட்டில், கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி இருக்கிறது. அந்த வழக்கில்தான் பிள்ளையான் 2015 அக்டோபரில் கைதானார். விளக்கமறியலில், அதாவது விசாரணைக் காவலில், இருந்தபடியே 2020 தேர்தலில் 54,198 விருப்பு வாக்குகள் (வேட்பாளரின் பெயருக்கே விழும் வாக்குகள்) பெற்று நாடாளுமன்றம் சென்றார். வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் (அரசின் தலைமை வழக்கறிஞர்) தரப்பு அறிவித்ததால், 2021 ஜனவரியில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். பின்னர் இராஜாங்க அமைச்சராகவும் (அமைச்சரவைக்கு அடுத்த நிலை அமைச்சர்) இருந்து, 2024 தேர்தலில் தோற்றார்.

கடையின் பெரிய குறை, கட்டுகள் 2012உடன் நின்றுவிடுவது. அவர் முதலமைச்சர் பதவியை இழந்ததும் அந்த ஆண்டில்தான். அதற்குப் பிந்தையவற்றை நான் வேறிடத்தில் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. இன்னொரு குறை என்னை உண்மையாகவே வருத்தியது. நறுக்குகளை மைதா பசை தடவித் தடித்த தாளில் ஒட்டியிருப்பதால், ராமபாணப் பூச்சி பல இடங்களில் அரித்திருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15 அன்று கொழும்பில் காணாமற்போன செய்தி, ஒற்றைப் பத்தியில் என் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு துண்டு. அதன் கீழ்ப்பாதி பொடிப்பொடியாக உதிர்ந்துபோயிருந்தது. 2025ஆம் ஆண்டின் கைது இதையொட்டிய விசாரணையில்தான் என்பதால், மாணவிக்குக் காட்ட நான் முதலில் தேடியதும் இதைத்தான்.

அண்ணாச்சியிடம் அதைக் காட்டினேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல் அந்தப் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மற்ற கட்டுகளுக்கும் உறை வாங்க ஒப்புக்கொண்டார். என் பங்காக முந்நூறு ரூபாய் கொடுத்தேன். நகல் எடுக்க எதிர்க்கடைக்குத் தயங்காமல் கொடுத்தனுப்புகிறார். உள்ளறையில் ஒரே ஒரு பல்பு மட்டுமே எரிவதால், காலை பத்து மணிக்குள் சென்று வாசலோர மேசையில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது.